மாத்தி வெச்சுரு

முதலில் ஒரு சத்தம் வரும், குடத்துத் தண்ணீரில் சொட்டு விழுந்ததுபோல. அப்புறம் கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில், கீழிருந்து ஒரு நீலக் கட்டம் ஏறி வந்து நிற்கும். அதில் மலையாளத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இப்போள் புதுக்குக’, இப்போதே புதுப்பி என்று. மற்றது ‘பின்னீடு’, அப்புறம் என்று. நான் பின்னீடு என்பதை அழுத்துவேன். கட்டம் இறங்கிப் போய்விடும். போனபிறகாவது மனசு அமர வேண்டும். அமராது. அடுத்தது எப்போது வருமோ என்று அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தத் தை மாதம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டேன். குளிக்கப் போனால் பாதி சோப்போடு கதவைத் திறந்து காது கொடுத்தேன். பால்காரரிடம் பேசும்போதும் என் முகம் கடைப் பக்கமே திரும்பியிருக்கும்.

கோபாலபுரத்தில் செக்போஸ்ட் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் எங்கள் கடை. பலகையில் தமிழில் ஜெராக்ஸ் என்றும் மலையாளத்தில் போட்டோஸ்டாட் என்றும் இருக்கும். பின்னால் வீடு. ரேஷன் கார்டுக்கு, வருமானச் சான்றுக்கு, பரீட்சைக்கு என்று ஆன்லைனில் போட வேண்டியதையெல்லாம் என் வீட்டுக்காரர் போட்டுக் கொடுப்பார். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்வேன். கம்ப்யூட்டர் பாலக்காட்டில் ஏதோ ஓர் ஆபீஸிலிருந்து இரண்டாம் கையாக வாங்கியது. வரும்போதே திரையெல்லாம் மலையாளம். அவர் அதை மாற்றவில்லை. “இருக்கட்டும், நீ படிச்சுப் பழகிக்கலாம்” என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு நானும் பழகினேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். நான் உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வந்து பார்த்தபோது கை மௌஸின் மேல் இருந்தது. திரையில் சீட்டாட்டம் பாதியில் நின்றிருந்தது.

சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து உறம்பரைகள் கிளம்பிய பிறகு நான் மானிட்டர் பொத்தானை அழுத்தினேன். ஆட்டம் அப்படியே இருந்தது. ஜெராக்ஸ் மெஷினுக்காக அவர் போட்ட இன்வெர்ட்டர் இத்தனை நாளும் அதைத் தாங்கியிருக்கிறது.

அது ஒற்றை ஆள் ஆடும் ஆட்டம். சீட்டுகளை வரிசை வரிசையாகப் பரப்பி, கறுப்பின் மேல் சிவப்பும் சிவப்பின் மேல் கறுப்புமாக அடுக்கி, கவிழ்ந்து கிடப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியில் எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஆடுவார். ஒரு பிடிவாதம் உண்டு. எடுத்த ஆட்டத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டார். சிக்கிக்கொண்டால் வந்த வழியே பின்னால் போய் வேறு பக்கம் நுழைவார். புது ஆட்டம் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்றால், “அதை அமுக்கறவன் கல்யாண ஊட்டுல பாதிச் சோத்துல எந்திரிச்சு அடுத்த பந்திக்கு எடம் போடறவன்” என்பார்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் ஒரு வரிசையின் முனையில் டைமன் பத்து இருந்தது. இன்னொரு வரிசையின் முனையில் கிளாவர் ஒன்பது. கறுப்பு ஒன்பதைத் தூக்கிச் சிவப்புப் பத்தின் மேல் போடலாம். சீட்டு தெரியாத எனக்கே அது பார்த்த உடனே தெரிந்தது. அவர் ஏன் போடவில்லை? பார்க்கவில்லையா? பார்த்துவிட்டு, கையை நகர்த்துவதற்குள் போய்விட்டதா? இல்லை, முன்னாலேயே நெஞ்சு கனத்து, சீட்டில் கண் நிற்காமல், என்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாரா? எனக்கு வேறு யாரிடமும் கேட்க வழியில்லை. அந்த ஒன்பதும் பத்தும் மட்டும்தான் அப்போது அவர் கண்முன்னால் இருந்தவை.

அதனால் கம்ப்யூட்டரை நான் அணைக்கவில்லை. ஆட்டத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பேன். கடை சாத்தும் முன்னால் மேலே கொண்டுவந்து ஒருமுறை பார்ப்பேன். ஒன்பதைத் தொடமாட்டேன்.

நீலக் கட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. உள்ளே புதிதாக எதையோ ஏற்ற வேண்டுமாம். அதற்குக் கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழ வேண்டுமாம்.

அவர் இருந்தபோதும் அது வரும். அப்போது எங்களுக்கு அது விளையாட்டு. “கற்பகம், வந்துருச்சு பாரு, மாத்தி வெய்யி” என்பார். நான் எட்டிப் பின்னீடை அழுத்துவேன். மாத்தி வெய்யி என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து.

அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மாற்றியாக வேண்டும் என்றார்கள். குறித்த நாளில் பச்சைத் துணி உடுத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே நர்ஸ் வந்து, “சேச்சி, ஓப்பரேஷன் மாற்றி வெச்சு” என்றாள்.

அதுவரை வால்வு மாற்றி வைக்கல், வால்வு மாற்றி வைக்கல் என்றேதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரமா என்று நர்ஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினேன். அவள் திகைத்துப் போனாள். கிணத்துக்கடவில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டு, “மாத்தி வெச்சாச்சுண்ணா, நல்லபடியா மாத்தி வெச்சாச்சு” என்று அழுதேன். அண்ணன் அவன் பங்குக்கு ஊரெல்லாம் சொன்னான்.

அப்புறம் கதவைத் திறந்துகொண்டு அவர் நடந்து வந்தார். தன் லுங்கியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தபடி. “டீக்கடை எந்தப் பக்கம்?” என்றார்.

கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்ததாம். அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்தால் புது வால்வில் போய் உட்கார்ந்துவிடுமாம். பல்லைப் பிடுங்கி, புண் ஆறி, அதற்கப்புறம்தான் நெஞ்சைத் திறக்க முடியும். அதனால் ஆபரேஷன் மாற்றி வைப்பு. மலையாளத்தில் உறுப்பை எடுத்து வேறு வைப்பதும் மாற்றி வைப்பதுதான், நாளைத் தள்ளிப் போடுவதும் மாற்றி வைப்பதுதான். இத்தனை வருஷம் இந்தப் பக்கம் குடியிருந்தும் எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. “என்ற பொண்டாட்டி வெளிய உக்காந்தே வால்வை மாத்தீட்டா” என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் தள்ளிப் போகாது. மழை வந்தால் துணி துவைப்பதை மாத்தி வைப்போம். முட்டை தீர்ந்தால் ஆம்லெட்டை மாத்தி வைப்போம்.

பல் பிடுங்கியது. புண்ணும் ஆறியது. புதுத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

தை பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. கிழக்கேயிருந்து இரவும் பகலுமாக அடித்தது. கடையின் ஷட்டர் தடதடத்தபடியே இருந்தது. எந்தக் காகிதத்தின் மேலும் கல் வைக்க வேண்டியிருந்தது. தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்ட் அடிக்கடி போனது. இன்வெர்ட்டர் கூவும்போதெல்லாம் நான் திரையைப் பார்க்க ஓடுவேன்.

அதோடு பிரிண்டரும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அச்சடிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் தலையாட்டும், தாள் வராது. பக்கத்துத் தெரு மாரீஸ்வரி, தன் மகளுடைய பரீட்சை ஹால் டிக்கெட்டுக்காக தினமும் வந்தாள். தென்னை நாரு மில்லுக்கு வேலைக்குப் போகிறவள், மகளோடு சேர்ந்து மலையாள எழுத்தும் படித்தவள், வாயும் கையும் சும்மா இருக்காது.

“ஏனுங்க்கா, என்ற புள்ளை பாஸாயி வேலைக்குப் போயி மொத சம்பளத்துல உங்களுக்குப் புது பிரிண்டர் வாங்கித் தருமாட்ட இருக்குது.”

“நாளைக்கு வா மாரீஸ்வரி.”

“நேத்தும் அதையேதான் சொன்னீங்க. மீனாட்சிபுரத்துல எடுத்துக்கட்டுமா? சும்மா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.”

எடுத்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏற்கெனவே பாதிப் பேர் மீனாட்சிபுரம் போய்விட்டார்கள். கடை ஓடினால்தான் அந்த இடத்தில் நான் இருக்க முடியும். கடை ஓட வேண்டுமென்றால் பிரிண்டர் ஓட வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஜிஜியைப் போனில் கேட்டேன். அவர் இருந்த காலத்திலிருந்தே எங்கள் கடைக்கு வருகிறவள். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள்.

“சேச்சி, ஒரு வட்டம் ரீஸ்டார்ட் பண்ணினா மதி, அது போதும். பிரிண்டர் தன்னாலே சரியாவும்.”

“அது கூடாது ஜிஜி.”

“அந்த சீட்டுகளிக்கா?” அவளுக்குத் தெரியும். “அது பழைய சிடியில நிந்து சேட்டன் ஏற்றினது. அடைச்சா ஓர்மை வெக்காது சேச்சி. போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.”

மூடினால் ஆட்டம் அதற்கு ஞாபகம் இருக்காதாம். போட்டோ எடுத்தால் என்ன? போட்டோ எடுத்து மாலை போட்டுத்தான் அவரையும் சுவரில் வைத்திருக்கிறேன். “வேற வழி இல்லையா?” என்றேன்.

“அப்டேட்டை நிறுத்தி வெக்கலாம். போன்ல சொன்னா சேச்சிக்குக் குழப்பமாவும். ஞான் நேரில் வரணும். இந்த ஆழ்ச்ச, இந்த வாரம் முழுக்க ஸ்கூல் வேலை உண்டு. அதுவரை வரும்போதெல்லாம் பின்னீடு அமுக்குங்க. அமுக்காம விட்டா அதுவாவே எடுத்துக்கும்.”

அதிலிருந்துதான் நான் அந்த நாற்காலிக்குக் கட்டுப்பட்டேன். எவ்வளவு நேரம் விட்டால் அதுவாக எடுத்துக்கொள்ளும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நேரத்தையும் எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

வியாழக்கிழமை நீலக் கட்டம் சிவப்புக் கரையோடு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாளையோடு தவணை முடிகிறது என்பதுபோல இருந்தது. ஜிஜிக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டேன். அதே பதில்.

அன்று சாயங்காலம் அண்ணன் சென்னியப்பன் வந்தான். தேங்காய் வியாபாரம். இந்தப் பக்கம் லோடு பிடிக்க வந்தால் என் வீட்டில் தங்குவான். என்னைவிட மூத்தவன் என்றாலும் சின்ன வயதிலிருந்தே வாடா போடாதான். அதைப் பற்றி அவனுக்கு வருத்தமும் உண்டு.

“ஏனம்மிணி, மூஞ்சி என்ன இப்பிடி வத்திப் போச்சு?” என்றான். “கம்ப்யூட்டருக்குக் காவக்காரியா உக்காந்திருக்கறயாமா? பொள்ளாச்சி வரைக்கும் பேசறாங்க.”

“பேசறவங்க வந்து பிரிண்டர ரிப்பேர் பண்ணிக் குடுக்கச் சொல்லு.”

அவன் சிரித்தான். லாரிக்குக் காத்திருக்கும் இடங்களிலெல்லாம் சீட்டாடுகிறவன் அவன். ஆட்டத்தைக் காட்டு என்றான். மேலே கொண்டுவந்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். முதல் பார்வையிலேயே அவன் விரல் ஒன்பதின் மேல் போனது.

“இதைத் தூக்கி இங்க போட்டா...”

அவன் கை மௌஸுக்குப் போகுமுன் அந்தக் கையில் ஓர் அடி வைத்தேன்.

“அட கெரகமே! தொடலே, தொடலே.” கையைத் தடவிக்கொண்டு மறுபடி பார்த்தான். சீட்டைப் பார்க்கும்போது அவன் முகமே மாறிவிடும். “மாப்பிள்ளைக்கு இது தெரியாம இருக்குமா? பார்த்திருப்பாரு.”

“பார்த்தா ஏன் போடலே?”

“போட்டுட்டா அப்பறம் ஒம்பதுக்கு அடியில என்ன இருக்குதோ அதைத்தான் நம்பணும். சில சமயம் கையில இருக்கற நல்ல நகர்த்தலை அப்படியே உட்டு வெச்சு, வேற எடம் தேடிப் பார்ப்போம்.”

“அவரு அப்படித் தேடீட்டு இருந்தார்ங்கறயா?”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். “அது எனக்கெப்படி அம்மிணி தெரியும்?” என்றான்.

வெள்ளிக்கிழமை காலையிலும் ஜிஜியின் போன் அணைந்தே இருந்தது. நேரில் போய்க் கூட்டிவருவதைத் தவிர வழியில்லை. கட்டம் காலையிலேயே இரண்டொரு முறை வந்துவிட்டது. முகம் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கொழிஞ்சாம்பாறை பஸ் ஹாரன் அடித்தது.

“அண்ணா, அந்த மூலையில நீலமா ஒண்ணு வரும். வந்தா மாத்தி வெச்சுரு. வேற ஒண்ணையும் தொடாத.”

“ஆகட்டும், ஓடு ஓடு. பஸ்காரன் போயிருவான்.”

ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். எல்லைப் பக்கம் போனுக்கு எப்போதும் குழப்பம்தான். ஒரு வளைவில் தமிழ்நாடு வரவேற்கும், அடுத்த வளைவில் கேரளம் வரவேற்கும். அந்த இரண்டு வரவேற்புக்கும் நடுவில் அண்ணனிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு வந்து கிடந்தது. திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. கண்டக்டர் டிக்கெட் நீட்டியதைக்கூட நான் பார்க்கவில்லை. “சேச்சி, ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

ஜிஜி கடையில் ஒரு மேசைக்கு அடியில் படுத்து ஸ்குரூவைத் தேடிக்கொண்டிருந்தாள். “போன் வெள்ளத்துல விழுந்து போச்சு சேச்சி” என்று அங்கிருந்தே சொன்னாள். நான் சொன்னதைக் கேட்டதும் தூசியோடு எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள். ஸ்கூட்டர் காற்றை எதிர்த்து முக்கி முக்கிப் போனது. என் முந்தானை அவள் ஹெல்மெட்டில் போய்ச் சுற்றியது.

“சேச்சி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. யாராவது பின்னீடு அமுக்கினா மதி.”

“அண்ணன் இருக்கறான். சொல்லீட்டு வந்திருக்கறேன்.”

கடைக்கு முன்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் மாரீஸ்வரி. இரண்டு பேர் முகத்திலும் பெரிய காரியம் முடித்த பெருமை. நான் இறங்குவதற்குள் அண்ணன் உரக்கச் சொன்னான்:

“மாத்தி வெச்சாச்சு அம்மிணி! நல்லபடியா மாத்தி வெச்சாச்சு!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் அவனுக்குச் சொன்ன அதே சொல். அதே குரல்கூட.

உள்ளே ஓடினேன். திரை முழுக்க நீலம். நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அடியில் மலையாளத்தில் ஒரு வரி. எனக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

“என்னத்தடா மாத்தி வெச்சே?”

“நீ சொன்னதைத்தான்.” அவன் பெருமை கலையத் தொடங்கியது. “நீலமா வந்துச்சு. மலையாளத்துல என்னமோ ரெண்டு எழுதியிருந்துச்சு. உனக்குப் போன் போட்டேன், எடுக்கலே. நல்ல வேளைக்கு இந்தப் புள்ளை வந்துச்சு. இதுல மாத்தறது எதம்மான்னு கேட்டேன்.”

“நான்தானுங்க்கா படிச்சுச் சொன்னேன்” என்றாள் மாரீஸ்வரி. “ஒண்ணு அப்பறமாங்குது, ஒண்ணு இப்பவே புதுசாக்கறங்குது. பழசை எடுத்துட்டுப் புதுசு வெக்கறதுதானே மாத்தி வெக்கறது? அதை அமுக்குங்கன்னேன்.”

“தள்ளிப் போடுன்னு சொல்லியிருந்தா தள்ளிப் போட்டிருப்பேன்” என்றான் அண்ணன். “நீ மாத்தி வெய்யின்னே. எங்கூர்ல மாத்தி வெய்யின்னா மாத்திதான் வெப்பாங்க.”

எங்கூர் என்று அவன் சொன்னது நான் பிறந்த ஊரைத்தான். அந்த ஊர்க்காரியாகத்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸின் கையைக் கண்ணில் ஒற்றினேன். இடையில் எப்போதோ என் வாயில் அந்தச் சொல் இந்தப் பக்கத்து அர்த்தத்தோடு குடிவந்துவிட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அவரோடு பேசிப் பேசி, இது எல்லோருக்கும் புரிகிற தமிழ் என்றே நினைத்திருந்தேன். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற தமிழ். இனி அதைச் சரியாகப் புரிந்துகொள்ள ஆள் இல்லை.

அழுகைதான் வரும் என்று மற்ற மூவரும் எதிர்பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே உட்கார்ந்தே வால்வை மாற்றிய என்னைப் பார்த்து அவர் எப்படிச் சிரித்தாரோ அப்படி, நிறுத்த முடியாமல். அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தான்.

ஜிஜி திரையைப் பார்த்துவிட்டு, “இனி தொடக் கூடாது. இடையில நிறுத்தினா உள்ளது எல்லாம் போவும்” என்றாள்.

உட்கார்ந்தோம். புள்ளிகள் சுற்றின. அடியிலிருந்த எண் ஏறும், நிற்கும், நின்றே இருக்கும். வெளியே காற்று ஷட்டரைப் போட்டு உலுக்கியது. ஒருமுறை கரண்ட் போய் இன்வெர்ட்டர் கூவியது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். திரை அணையவில்லை. மறுபடி உட்கார்ந்தோம். அணைந்துவிடக் கூடாதே என்று அப்போதும் என் மனம் பதைத்ததுதான் வேடிக்கை. காப்பாற்ற வேண்டியது ஏற்கெனவே போய்விட்டது. பதைப்பு மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“சாய குடிக்கலாமா சேச்சி?” என்றாள் ஜிஜி. அவளே உள்ளே போய் வைத்தாள்.

டீ ஆறிய நேரத்தில் திரை கறுத்தது. பிறகு வெளுத்தது. பாலக்காட்டு ஆபீஸ்காரர்கள் வைத்துவிட்டுப் போன அந்த வயல் படம் வந்தது. ஜிஜி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சீட்டாட்டத்தைத் திறந்தாள்.

புதுச் சீட்டுகள் பரபரவென்று வந்து பரவின. டைமன் பத்து இல்லை. கிளாவர் ஒன்பது இல்லை. ஓர் இஸ்பேட் ராணி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள், யாரோ எழுந்துபோன நாற்காலியில் உட்காருவதுபோல. நான் மூடச் சொன்னேன். மூடினாள்.

அப்போது மூலையில் கிடந்த பிரிண்டர் இருமியது. உறுமிக்கொண்டு தாளை இழுத்தது. மாரீஸ்வரி மகளுடைய ஹால் டிக்கெட் வந்தது. மறுபடி அதுவே வந்தது. நான் இந்த வாரமெல்லாம் அடிக்கச் சொல்லிச் சொல்லி அது உள்ளேயே வைத்திருந்த அத்தனையும் வரிசையாக வர ஆரம்பித்தன. சிரிக்கும் அந்தப் பெண்ணின் படம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, காற்றில் பறந்து, கடை முழுக்கப் பரவியது. மாரீஸ்வரி துரத்தித் துரத்திப் பொறுக்கினாள்.

“போதுமுங்க்கா, போதும்! ஒரு பரீட்சைதான் எழுதறா!”

ஜிஜி போனாள். மாரீஸ்வரியும் போனாள். அண்ணன் மட்டும் நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். தேங்காய் லாரி காத்திருக்கும். அவன் கிளம்பவில்லை. கொஞ்சம் கழித்து எழுந்து வெளியே போய், வண்டிப் பெட்டியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து வந்தான். மூலையெல்லாம் மடங்கி அழுக்கேறிய கட்டு. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து மேசையைத் துடைத்து அதில் வைத்தான்.

“எது எது எங்க இருந்துச்சுன்னு சொல்லு அம்மிணி.”

சொன்னேன். கண்ணை மூடினால் தெரிந்தது. எந்த வரிசையில் எத்தனை கவிழ்ந்தவை, அவற்றின் மேல் என்ன, மேலே ஏறிவிட்டவை எவை. அண்ணன் தேடித் தேடி எடுத்து வைத்தான். திறந்த சீட்டெல்லாம் இடம் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். கவிழ்ந்து கிடந்தவை. எதன் அடியில் எது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. இத்தனை நாள் நான் அணையாமல் காத்ததில் பாதி, அவரும் பார்த்தே இராத சீட்டுகள்.

“கலைச்சு வெய்யி” என்றேன்.

கலைத்தான். முதுகு மேலாகத் தள்ளித் தள்ளிச் செருகினான். வரிசைகளுக்குப் போக மீந்ததைக் கையில் கட்டாக வைத்துக்கொண்டான். காற்றில் பறக்காமல் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கல் வைத்தோம்.

“நீயே போடு” என்றான்.

கிளாவர் ஒன்பதைத் தூக்கி டைமன் பத்தின் மேல் போட்டேன். அதன் அடியில் இருந்ததைத் திருப்பினேன். ஆட்டின் மூன்று, சிவப்பு. எந்தக் கறுப்பு நாலும் வெளியே இல்லை. எங்கும் போகாத சீட்டு.

அண்ணன் நாக்கைத் தட்டினான். “பார்த்தயா? மாப்பிள்ளை போடாம உட்டு வெச்சதுதான் சரி.”

அது அவன் கலைத்து வைத்த மூன்று என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய ஒன்பதின் அடியில் இருந்தது எதுவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அவன் சொன்னதும் அவர் அந்த நாற்காலியில் சாய்ந்து, ஒன்பதைப் பார்த்தபடி, அவசரமில்லாமல் வேறு வழி தேடிக்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அல்ல. ரசம் தாளிக்கும் வாசனையில், இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்ற நினைப்பில். அப்படித்தான் இருந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

கையில் இருந்த கட்டை முழுக்கத் திருப்பிப் பார்த்தோம். ஆட்டம் இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் சிக்கிக்கொண்டது. பின்னால் போய் வேறு வழியில் வரலாமா என்று அண்ணன் கேட்டான். அவராக இருந்தால் போயிருப்பார். எனக்குப் பசித்தது. வெகு நாளைக்கப்புறம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்போல இருந்தது. கற்களை எடுத்துவிட்டுச் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து அவனிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கடையில் நல்ல கூட்டம். வருமானச் சான்றுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். குடத்தில் சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. மூலையில் நீலக் கட்டம் ஏறி வந்து நின்றது. மறுபடியும் ஏதோ புதிதாக வந்திருக்கிறதாம்.

அச்சு ஓடிக்கொண்டிருந்ததால் மாத்தி வைத்தேன்.